சுண்ணப்படிவுத் தசைநாண் அழற்சி

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அத்தைக்கு வலது தோளில் வலி. கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. எக்ஸ்ரேயில் தோள்மூட்டுக்கு மேலே அரிசி அளவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. சீட்டில் ‘கால்சிஃபிக் டெண்டினைடிஸ்’ என்று எழுதியிருந்தார்கள். “தோளில் சுண்ணாம்பு கட்டியிருக்கிறது” என்று யாரோ அதற்குப் பொருள் சொல்ல, அன்றே அத்தை வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்புக் கரண்டகத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பாலையும் நிறுத்திவிட்டார்.

பொருள் சொன்னவர் முழுக்கத் தவறவில்லை. கால்சியம் என்ற பெயரே சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கால்க்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1808இல் அதைப் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவி சூட்டியது. ஆனால் நம் காதில் சுண்ணாம்பு என்றால் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றியது. புதுச்சேரியின் பழைய வீட்டுச் சுவர்களில் பூசியிருப்பது. தோளில் படிவதோ கால்சியம் பாஸ்பேட், எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கனிம வகை. தின்ற சுண்ணாம்போ குடித்த பாலோ அங்கே போய் உறைவதில்லை. அதனால் இந்த நோயின் தமிழ்ப் பெயரில் ‘சுண்ணம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பொடி என்பது அதன் பழைய பொருள். பொற்சுண்ணம் என்றால் நறுமணப் பொடி. வெற்றிலை நினைவுக்கு வராது.

தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டனுக்குத் தசைநாண் என்ற சொல்லை ஆக்கியவரை வணங்க வேண்டும். இலத்தீன் மூலத்துக்கு ‘இழுத்து நீட்டு’ என்று பொருள். நம்முடைய நாணும் வில்லில் இழுபடுவதுதான்: தசை சுருங்கும்போது நாண் எலும்பை இழுக்கிறது, கை உயர்கிறது. பலரும் ‘தசைநார்’ என்று எழுதுகிறார்கள். எலும்பை எலும்போடு கட்டும் இணைப்புக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பமே மிஞ்சுகிறது. அழற்சி, அழல் என்ற நெருப்பிலிருந்து வந்தது, விளக்கமே வேண்டாம்.

‘படிவு’ என்ற சொல்லில்தான் நோயாளிக்கு ஆறுதல் இருக்கிறது. படிந்தது கரையவும் கூடும். முதலில் சாக்பீஸ் போல் இறுகியிருக்கும் படிவு, பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து, பற்பசை போல் இளகுகிறது. உடல் அதைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. கொடுமை என்னவென்றால், உயிர் போகும் வலி பெரும்பாலும் அந்தக் கரையும் காலத்தில்தான் வருகிறது. நோய் முற்றிவிட்டது என்று அஞ்சி அழுபவர்களிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

வலி மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என்றுதான் தொடங்குவார்கள். அடங்காவிட்டால் அதிர்வலை சிகிச்சை உண்டு. இன்னொன்றின் பெயர் ‘பார்போத்தாஜ்’. நீரில் அளைவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தோளை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடி படிவுக்குள் ஊசியைச் செலுத்தி, உப்புநீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி உறிஞ்சுகிறார்கள். குழலில் திரும்பும் நீர் பால்போல் கலங்கி, பிறகு அடியில் வெண்பொடியாகத் தங்குகிறது. தமிழில் ‘ஊசி அலசல்’ என்றே சொல்லலாம். நுண்துளை அறுவை கடைசி வழி.

அத்தைக்கு ஊசி அலசல் வரை போக வேண்டியிருக்கவில்லை. பால் மறுநாளே திரும்பியது. பாக்கு வாய்க்குக் கேடு என்பதால் கரண்டகத்தை மட்டும் பரணிலிருந்து நாங்கள் இறக்கவில்லை.