விழுமியம் வேறு, நம்பிக்கை வேறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தியானக் குழுவில் இருந்தேன். கர்மம், மறுபிறவி, குருவருள் என்று எதை எடுத்தாலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர், வரவுசெலவு நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். நோட்டை வைத்திருந்தவர் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடியே, "ஏன், உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்றார். கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் நின்றுவிட்டேன். ஒரே நம்பிக்கை இருப்பது வேறு, ஒரே விழுமியம், அதாவது எதை மேலானதாக மதிக்கிறோம் என்பது, இருப்பது வேறு என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

அந்த ஒரு கேள்விக்குள் நம்பிக்கை என்ற சொல் பொருள் மாறிவிட்டதைப் பிறகுதான் கவனித்தேன். கேட்டவருடைய சந்தேகம் நோட்டின் மேல். பதிலோ கடவுள் மேல் பாய்ந்தது. இறைவன் இருக்கிறான் என்பதும் நம்பிக்கை, இந்த ஆள் ஏமாற்றமாட்டார் என்பதும் நம்பிக்கை, நாளை எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நம்பிக்கை. மூன்றுக்கும் நம்மிடம் புழங்குவது ஒரே சொல்தான். முதலாவதில் ஒத்துப்போகிறவர்கள் இரண்டாவதிலும் ஒத்துப்போவார்கள் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

நம்பு என்ற சொல் தொடங்கிய இடம் இன்னும் சுவையானது. "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். ஆக, பழந்தமிழில் நம்புதல் என்பது விரும்புதல். உண்மை என்று ஏற்பது பிறகு வந்த பொருள். ஆங்கிலத்தின் 'பிலீஃப்' என்ற சொல்லின் வேரும் அன்புக்குரியது என்ற பொருளைத்தான் சுமக்கிறது. நாம் எதை நம்புகிறோம் என்பதில் எதை விரும்புகிறோம் என்பது எவ்வளவு கலந்திருக்கிறது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

வடமொழியிலிருந்து வந்த இரண்டு சொற்களும் இங்கே உண்டு. விசுவாசம் சமயப் பற்றையும் குறிக்கும், நாயின் நன்றியையும் குறிக்கும். சிரத்தை இன்னும் தூரம் போய்விட்டது. மூலத்தில் அது நம்பிக்கை. இன்றைய பேச்சில் "சிரத்தையாகச் செய்" என்றால் அக்கறையாகச் செய் என்றுதான் பொருள். ஒரு நம்பிக்கைச் சொல் தமிழுக்கு வந்து விழுமியச் சொல்லாகியிருக்கிறது!

இனி விழுமியம். 'வேல்யூஸ்' என்று நாம் சொல்வதற்கு இன்று நிலைத்துவரும் கலைச்சொல் இது. வேர், விழு. விழுமியோர் என்றால் உயர்ந்தோர். "ஒழுக்கம் விழுப்பம் தரலான்" என்ற குறளில் விழுப்பம் மேன்மை. ஆனால் உரியியல் விழுமத்துக்கு மூன்று பொருள் தருகிறது: "விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்." இடும்பை என்றால் துன்பம். "விழுமம் துடைத்தவர் நட்பு" என்று வள்ளுவர் சொல்லும்போது அது துன்பம்தான். மேன்மையும் துன்பமும் ஒரே சொல்லில். வீரன் முகத்திலும் மார்பிலும் தாங்கும் காயத்துக்கு விழுப்புண் என்று பெயர். இதை வைத்து நானாக ஒரு பொருள் சொல்லிக்கொள்வதுண்டு (சொற்பிறப்பு அல்ல, என் வாசிப்பு மட்டுமே): எதைக் காப்பாற்ற ஒருவர் காயம்படத் தயாராக இருக்கிறாரோ அதுவே அவருடைய விழுமியம். மற்றதெல்லாம் அவருக்குப் பிடித்தவை, அவ்வளவுதான்.

மதிப்பு, மதிப்பீடு என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் மதிப்பு என்றதும் விலையும், மதிப்பீடு என்றதும் தேர்வு மதிப்பெண்ணும் நினைவுக்கு வந்து குழப்புகின்றன.

'ஷேர்ட் வேல்யூஸ்' என்பதைப் "பகிரப்பட்ட மதிப்புகள்" என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பகிர்தல் என்பது பங்கு பிரித்தல். பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். வாய்மையை அப்படிக் கூறுபோட முடியுமா? தமிழில் இதற்கு இயல்பான சொல் ஒத்தல். ஒத்த விழுமியங்கள், ஒத்த நம்பிக்கைகள். குழுவைப் பற்றிப் பேசும்போது பொது விழுமியம் என்றாலும் பொருந்தும்.

ஒத்த நம்பிக்கையின் மேல் எழுந்த குழுவுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, கிறித்தவத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணம், அதாவது இன்னின்னதை நம்புகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் அறிக்கை. கி.பி. 325இல் நைசியா என்ற நகரில் கூடிய ஆயர்கள் பேரவை வரி வரியாக அதை வகுத்தது. மறுமுனையில், 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் பிரமாணம் எதையும் கட்டாயமாக்கவில்லை. எளிமை, அமைதி, வாய்மை, சமத்துவம் ஆகியவையே அவர்களைச் சேர்த்துக் கட்டுபவை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய அவர்கள் மறுத்தார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரத்துப் பேச்சு என்னவாகும் என்பது அவர்களுடைய வாதம். அதற்காகச் சிறைக்கும் போனார்கள். விழுப்புண் என்றால் அதுதான். இன்று சில குவேக்கர் கூட்டங்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 1876இல் ஃபீலிக்ஸ் அட்லர் நியூயார்க்கில் தொடங்கிய அறப்பண்பாட்டு இயக்கமும் இந்த வகைதான். கோட்பாட்டுக்கு முன் செயல் என்பது அதன் கொள்கை.

இதனால் விழுமியம் உயர்ந்தது, நம்பிக்கை மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஒரு சாவின்போது சேர்ந்து சொல்ல ஒரு வரி இருப்பது பெரிய ஆறுதல். பொதுவான அறச்சொற்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. போதாததற்கு, அன்பு, உண்மை என்று பட்டியல் போட்டால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அன்பும் உண்மையும் மோதும்போது எது முன்னே நிற்கும் என்பதில்தான் ஒப்பு தெரியும். நோயாளியிடம் நோயின் நிலையைச் சொல்வதா, மறைப்பதா? ஒரே கடவுளைக் கும்பிடும் கணவனும் மனைவியும் இதில் எதிரெதிராக நிற்கலாம். ஒருவர் கும்பிட, மற்றவர் கும்பிடாத வீட்டில் இருவரும் ஒரே பதிலைச் சொல்லலாம்.

தலைவன் தலைவிக்கு இருக்கவேண்டிய பத்து ஒப்புகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வரிசைப்படுத்துகிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை (மன அடக்கம்), அருள், உணர்வு, திரு. முதலிரண்டும் இன்று நம்மை உறுத்துகின்றன, உறுத்தத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தெய்வம் என்ற ஒப்பு பட்டியலிலேயே இல்லை. நிறையும் அருளும் இருக்கின்றன. அடுத்த நூற்பா இருவரிடமும் இருக்கக்கூடாதவற்றைச் சொல்கிறது. அதில் கொடுமை, வன்சொல், மறதி எல்லாம் வருகின்றன.

பேச்சுவழக்கில் "எங்களுக்கு ஒத்த விழுமியங்கள்" என்று யாரும் சொல்லப்போவதில்லை. "ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போச்சு" என்பார்கள். எழுதும்போது விழுமியம், பேசும்போது மனசு ஒத்துப்போதல். கடவுள் நம்பிக்கையையும் ஆள் மேல் வைக்கும் நம்பிக்கையையும் பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில், பின்னதற்கு வள்ளுவர் ஆண்ட தெளிவு என்ற சொல் இருக்கிறது. "தேரான் தெளிவு" என்றால் ஆராயாமல் ஒருவரை நம்புவது. நோட்டைத் திறந்து பார்ப்பது தேர்தல், அதாவது ஆராய்தல். அதற்குப் பிறகு வருவது தெளிவு.