மீட்டநீர்க் குழாய்த்தடம்

பொறியாளர் பேச்சில் ‘ரீசைக்கிள்டு வாட்டர் பைப்லைன்’ என வழங்கும் தொடர், நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து, குடிநீருடன் எங்கும் கலவாதபடி தனிக் குழாயில் ஆலைகளுக்கோ பூங்காக்களுக்கோ கொண்டுசெல்லும் அமைப்பைக் குறிக்கிறது. இதற்குத் தகுந்த தமிழ்ப் பெயர் எது என்பதே இங்கு கேள்வி. சென்னையில் 2019-ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்த இரு நிலையங்கள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டவை. கொடுங்கையூர் நிலையத்து நீர் மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நிலையத்து நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் செல்கிறது.

‘ரீசைக்கிள்’ என்பதில் ‘ரீ’ இலத்தீன் முன்னொட்டு. ‘சைக்கிள்’, வட்டத்தையும் சக்கரத்தையும் குறிக்கும் ‘குக்லோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 1920-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாளர்கள், முழுமையாகப் பிரியாத எண்ணெயை மீண்டும் அதே செயல்முறைக்குள் செலுத்துவதை இச்சொல்லால் குறித்தனர். (மணலியில் இந்நீரைப் பெறுவோருள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உண்டு என்பது இனிய தற்செயல்.) முயல் ‘முயற்சி’ ஆவதுபோலச் சுழல் என்னும் வினை ‘சுழற்சி’ ஆக, தமிழ்நாட்டில் ‘மறுசுழற்சி’ என்றும் இலங்கையில் ‘மீள்சுழற்சி’ என்றும் ஆக்கம் பெற்றது. பழைய தாளுக்கும் நெகிழிக்கும் இது பொருந்தும். ஆனால் நகரிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போய் அங்கேயே செலவாகிவிடும் நீர் எந்த வட்டத்தைச் சுற்றுகிறது? சுருக்கம் கருதி ‘மறுநீர்’ என்றாலோ, ‘மறு’ கறையையும் குறிக்குமாதலால், சொல்லே நீரைப் பழிக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் இன்னொரு பெயர் ‘ரீக்ளைம்டு வாட்டர்’. ‘ரீக்ளைம்’ முற்காலத்தில், பறக்கவிட்ட வேட்டைப் பருந்தைத் திரும்ப அழைப்பதைக் குறித்தது. நமக்கு இதைவிட நெருக்கமான சொல் இருக்கிறது. பழந்தமிழ்ப் போர்ப்பாடல் மரபில், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தைத் திணை. அடகு வைத்த நகையையும் இன்றுவரை மீட்கத்தான் செய்கிறோம். கைவிட்டுப் போனதைப் பயனுக்குத் திருப்பிக் கொணர்தல் என்ற பொருள் அவ்வினையில் தெளிவாக நிற்பதால், ‘மீட்டநீர்’ என்பதே என் தேர்வு. ‘மீட்புநீர்’ எனின் ஆபத்துதவிப் பணி நினைவுக்கு வரும்.

பைப்லைனுக்குக் ‘குழாய்த்தடம்’ போதும். குழலும் குழாயும் ஓரடிச் சொற்கள். பல கிளைகளாகப் பிரிந்து தெருத்தெருவாக நீர் பகிர்ந்தால் மட்டுமே ‘வலையமைப்பு’ எனலாம். நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைவரை செல்லும் முதன்மைக் குழாய் ஒரு தடமே. பழைய சொல்லை நாடுவோர்க்குச் ‘சுருங்கை’ உண்டு. நிலத்தடி நீர்வழி என்பது அதன் பொருள். வஞ்சி நகர மகளிர் கூந்தல் கழுவிய நறுமண நீர் ‘சுருங்கைத் தூம்பின்’ வழியே அகழியைச் சேர்ந்ததாக மணிமேகலை கூறுகிறது. வீடுகள் பயன்படுத்திய நீரைக் கொண்டுசென்ற வழிக்கே இப்பெயர் அமைந்தது வியப்புக்குரியது. ஆயினும் இன்றைய வாசகருக்கு அது விளங்காது. கலிபோர்னியாவில் இத்தகைய குழாய்களுக்கு ஊதா நிறம் அடையாளம். நம் குழாய்களின்மேல் ‘மீட்டநீர், குடிப்பதற்கன்று’ என்று எழுதினால், நிறம் அறியாதவர்க்கும் செய்தி புரியும்.