மலையில் டிரிப் காபி மெஷின்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கொடைக்கானலில் மிக்சி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் பழுது பார்ப்பது என் தொழில். சில வருடங்களாக என் மேசைக்கு டிரிப் காபி மெஷினும், அதாவது தூளின் மேல் வெந்நீரை விழவிட்டு ஜாரில் காபி இறக்கும் மின்சார மெஷினும், வர ஆரம்பித்திருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், பெங்களூரு கம்பெனி வேலையை இங்கே வீட்டிலிருந்தே பார்க்கிறவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் என்று பலரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால் நிறைய மெஷின்களில் ஒரு பழுதும் இருக்காது. "காபி தண்ணியா வருதுண்ணே", இல்லாவிட்டால் "சூடே பத்தலண்ணே". இந்த இரண்டு புகாருக்கும் ஸ்க்ரூ டிரைவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டிய சமாச்சாரம்.

தண்ணியாக வருவதை முதலில் சொல்கிறேன். டிரிப் மெஷின் பால் சேர்க்காத காபிக்காகச் செய்யப்பட்டது. ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி 1908-ல் காகித ஃபில்டருக்கு உரிமை பதிந்தார். அதே நாட்டில்தான் 1954-ல் விகோமாட் என்ற முதல் மின்சார டிரிப் மெஷினும் வந்தது. அவர்கள் பெரிய கோப்பை நிறையக் கறுப்புக் காபி குடிக்கிறவர்கள். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் தூள் போதும். நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டரிலோ 30 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர் ஊற்றுகிறோம். லிட்டருக்கு என்று கணக்குப் போட்டால் 200 கிராம். மூன்றரை மடங்கு கெட்டியான அந்த டிகாக்‌ஷனில்தான் பாலை ஊற்றி ஆற்றிக் குடிக்கிறோம். மெஷினில் இறங்கும் காபியில் அதே அளவு பாலை ஊற்றினால் கிடைப்பது காபி வாசம் அடிக்கும் பால்.

"சரி, தூளை அதிகமாகப் போட்டுவிட்டால்?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஓரளவுக்குத்தான் முடியும். அரை லிட்டருக்கு 50 கிராம் வரை பெரும்பாலான மெஷின்கள் தாங்கும். சுண்டக் காய்ச்சிய பாலைக் கொஞ்சமாகச் சேர்த்தால் அந்தக் காபி குடிக்கிற மாதிரி இருக்கும். அதற்கு மேல் போனால் தூள் ஊறி உப்பி, தண்ணீர் இறங்க வழியில்லாமல், தூள் போடும் கூடை பொங்கி வழியும். ஆகவே வீட்டில் எல்லோரும் பால் காபிதான் என்றால் இந்த மெஷினே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பித்தளை ஃபில்டரைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கரண்டும் தேவையில்லை. கறுப்புக் காபி குடிக்கிறவர் ஒருவராவது வீட்டில் இருந்தால், அல்லது காலையில் ஏழெட்டு விருந்தாளிகளுக்கு ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டியிருந்தால், மேலே படியுங்கள்.

அடுத்து சூடு. இது மலையில் இருக்கிறவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம். மெஷின் பெட்டியிலும் எழுதியிருக்காது, கடைக்காரரும் சொல்லமாட்டார்.

மெஷினைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. குதிரை லாட வடிவில் வளைந்த ஓர் அலுமினியக் குழாய். அதோடு ஒட்டிக்கொண்டு ஹீட்டர் எலிமென்ட். டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கும் ரப்பர் ட்யூபில், திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு சின்ன வால்வு. அவ்வளவுதான், சாதாரண மெஷின்களில் பம்ப் கிடையாது. குழாயில் தண்ணீர் கொதித்துக் குமிழி கிளம்பும்போது, அந்தக் குமிழிதான் வெந்நீரை மேலே தள்ளித் தூளின் மேல் கொட்ட வைக்கிறது. மெஷின் வேலை செய்யும்போது வரும் களக் களக் சத்தம் அதுதான். ஆக, தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ அதற்கு மேல் ஒரு டிகிரி கூட இந்த மெஷினால் கொடுக்க முடியாது.

காபி ஒழுங்காக இறங்கத் தண்ணீர் 92 முதல் 96 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்து முடிந்துவிடும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாததும் இதனால்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் உயரம் குறைவு என்பதால் 95 டிகிரியை ஒட்டி நிற்கும், வத்தலகுண்டுக்கு இறங்கிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. கொடைக்கானலில் 93-ல் கிளம்பும் தண்ணீர், ட்யூப் ஏறி, மார்கழிக் குளிரில் ஜில்லென்று கிடக்கும் பிளாஸ்டிக் கூடையில் விழுந்து, தூளைத் தொடும்போது 90-க்குக் கீழே வந்துவிடும். அப்படி இறங்கும் காபி புளித்த மாதிரி, திடமில்லாமல் இருக்கும். மெஷின் மேல் குற்றமில்லை.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. தூள் போடாமல் ஒரு டம்ளர் தண்ணீரை முதலில் ஓட விடுங்கள். குழாய், கூடை, ஜார் எல்லாம் சூடேறிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்புறம் தூள் போட்டு ஓட்டுங்கள். வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். இன்னொன்று, லேசாக வறுத்த கொட்டைக்குச் சூடு அதிகம் வேண்டும். தோட்டத்திலிருந்து நேராக வருகிறது என்று இங்கே விற்கிற லைட் ரோஸ்ட் பாக்கெட்டுகள் எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் இந்த உயரத்தில் டிரிப் மெஷினுக்கு மீடியம் ரோஸ்ட்தான் சரிப்படும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வாட்ஸ். மாடலை விட, பிராண்டை விட இதைத்தான் முதலில் பார்ப்பேன். 15 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை 93-க்குக் கொண்டுபோக, 1000 வாட்ஸ் எலிமென்ட் ஐந்தரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் ஆறு, ஆறரை. 650 வாட்ஸ் என்றால் ஒன்பது நிமிடத்தைத் தாண்டும். டிரிப் காபி நான்கிலிருந்து எட்டு நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும், இழுத்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். அதனால் லிட்டருக்கு 1000 வாட்ஸ் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர், முக்கால் லிட்டர் மெஷினுக்கு 650, 700 போதும். ஒன்றேகால் லிட்டர் டேங்கை வைத்துவிட்டு 800 வாட்ஸ் எலிமென்ட் போட்டிருந்தால் அது மலைக்கு ஆகாது.

இதில் வோல்டேஜையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஊர்க்கோடி வீடுகளில் சாயங்காலம் 190 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 230-க்குச் செய்த 1000 வாட்ஸ் எலிமென்ட் அப்போது 680 வாட்ஸ்தான் வேலை செய்யும். "காலையில நல்லா இருக்கு, சாயங்காலம் கசக்குது" என்று ஒருவர் வந்தால் நான் மெஷினைத் தொடுவதற்கு முன் அவர் வீடு எங்கே என்று கேட்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து லைன் போகும் நாட்களில் வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை மாட்டுகிறவர்களும் உண்டு. லைட், ஃபேனுக்கு வைத்த சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று கத்தி நின்றுவிடும், பாட்டரிக்கும் கேடு.

வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின் தனிக்கதை. ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் அழகான மெஷின் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, சுவிட்சைப் போட்டதும் டப்புன்னு ஒரு சத்தம், ஒரே கருகல் வாடை. பையன் ஆசையா அமெரிக்காவுல இருந்து கொண்டாந்தது." அடியில் ஒட்டியிருந்த லேபிளைத் திருப்பிக் காட்டினேன். 120 வோல்ட், 900 வாட்ஸ். "பின் மாத்துற அடாப்டர் போட்டுத்தானே தம்பி மாட்டுனேன்?" என்றார். "டீச்சர், அது பின்னைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது" என்றேன். நம் 230-ல் செருகியதும் அந்த 900 வாட்ஸ் எலிமென்ட் 3300 வாட்ஸ் இழுத்திருக்கும். நல்லவேளை, எலிமென்ட் பக்கத்தில் துணியுறைக்குள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போய் மெஷினைக் காப்பாற்றியது. அந்த ஃபியூஸை நேரடியாக வயர் வைத்து இணைத்துத் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அடுத்த முறை டேங்க் காய்ந்து ஓடினால் தடுக்க எதுவும் இருக்காது, அடித்தட்டு உருகித் தீப்பிடிக்கும். ஃபியூஸை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அந்த மெஷினை ஓட்ட வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் 1500 வாட்ஸ் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலைக்கு இங்கேயே ஒரு சின்ன மெஷின் வாங்கிவிடலாம் என்றும் சொன்னேன். பிள்ளைகளிடம் சொல்லிவைப்பவர்கள் இதையும் சொல்லிவையுங்கள்: லேபிளில் 220-240 வோல்ட் என்று இருந்தால் மட்டும் கொண்டுவரட்டும்.

ஜார் கண்ணாடியா, பிளாஸ்கா? கண்ணாடி ஜார் வரும் மெஷினில் கீழே ஹாட் பிளேட் இருக்கும். குளிர்ப் பிரதேசம், ஹாட் பிளேட் நல்லதுதானே என்று தோன்றும். காபியைச் சூடாக வைத்திருக்கிறேன் என்று அது தொடர்ந்து காய்ச்சிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் கருகல் கசப்பு ஏறிவிடும். இறங்கியதும் குடித்துவிடுகிற வீட்டுக்குக் கண்ணாடி போதும், விலையும் குறைவு. ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் எட்டு மணிக்கும் எழுந்திருக்கிற வீட்டுக்கும், ஹோம்ஸ்டேக்கும் இரட்டைச் சுவர் எவர்சில்வர் பிளாஸ்க் வைத்த மெஷின்தான் சரி. கண்ணாடி வாங்கினால், ஜார் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சூடான ஜாரில் இங்கத்துக் குழாய்த் தண்ணீர் பட்டால் விரிசல் நிச்சயம். ஜார் இல்லாத நல்ல மெஷின் என் பட்டறைப் பரணில் கிடக்கிறது, ஒன்று இரண்டு அல்ல.

பெட்டியில் போடும் '10 கப்' என்பதையும் நம்பாதீர்கள். அவர்கள் கப் 125 மில்லியிலிருந்து 150 மில்லி வரைதான். பெரிய மக்கில் குடிக்கிறவர்களுக்கு 10 கப் மெஷினில் ஐந்து மக் வந்தால் அதிகம்.

இப்போது உண்மையான ரிப்பேருக்கு வருகிற விஷயம். கூடையின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வு இருக்கும். ஜாரை வெளியே எடுத்தால் மூடிக்கொள்ளும், உள்ளே வைத்தால் திறக்கும். நம் ஊர்க் காபித்தூள் கடையில் ஃபில்டருக்கென்று அரைத்துத் தரும் தூள் டிரிப் மெஷினுக்கு மிகவும் நைஸ். அந்த நைஸ் தூள் வலையைத் தாண்டி வந்து, வால்வு ரப்பருக்கும் துளைக்கும் நடுவில் சேறு மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும். வால்வு திறக்காது, மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், கூடை நிரம்பி ஹாட் பிளேட் மேலெல்லாம் காபி ஓடும். கழுவும்போது அந்த வால்வை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடியில் காட்டினால் போதும். அதைச் செய்கிறவர்கள் என்னிடம் வருவதே இல்லை.

சிக்கரி கலந்த தூளும் இதே தொல்லையைத்தான் கொடுக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவது சிக்கரியின் குணம். எவர்சில்வர் ஃபில்டரில் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மெஷினில் அதுவே பொங்கி வழிய வைக்கும். கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், பாருங்கள். மெஷினுக்குக் கலப்பில்லாத தூளாக, ரவைப் பதத்தில் அரைத்து வாங்குங்கள். பிளான்டேஷன் ஏ, பீபெரி என்ற கொட்டை வகை இரண்டும் நன்றாக இருக்கும். கீழ்ப்பழனி மலைக் காபியை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு எங்கிருந்தோ வரும் டின்னை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது வேறு சண்டை.

காகித ஃபில்டர் மலையில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கூம்பு வடிவக் கூடையா, தட்டைக் கூடையா என்று பார்த்து, கூம்பு என்றால் சின்ன மெஷினுக்கு 2-ம் நம்பர், பெரியதற்கு 4-ம் நம்பர் என்று ஆன்லைனில் மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே வரும் நைலான் வலையைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், என்ன, காபியில் கொஞ்சம் மண்டி இருக்கும். கொலஸ்ட்ரால் இருக்கிறவர்களுக்குக் காகிதம் நல்லது. கொலஸ்ட்ராலை ஏற்றும் காபி எண்ணெயைக் காகிதம் பிடித்துக்கொள்ளும், வலை பிடிக்காது.

டைமர், ஆப், உள்ளேயே கிரைண்டர் என்றெல்லாம் விற்கிறார்கள். கரண்ட் ஒரு முறை போய் வந்தால் பல மெஷின்களில் டைமர் பூஜ்யத்துக்குப் போய்விடும். கிரைண்டர் வைத்த மெஷினில் பனிமூட்டக் காலத்து ஈரத்தில் தூள் வழியிலேயே ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒரே ஒரு சுவிட்ச் இருக்கிற மெஷின்தான் இங்கே பல வருடம் உழைப்பதைப் பார்க்கிறேன்.

நம் மலைத் தண்ணீரில் உப்பு குறைவு. கீழே திண்டுக்கல் போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து அடைப்பது போல் இங்கே ஆகாது. நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டி, பிறகு வெறும் தண்ணீர் இரண்டு முறை ஓட்டினால் போதும். இங்கே எதிரி பூஞ்சை. சீசன் முடிந்து காட்டேஜைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் டேங்கில் தண்ணீரையும் கூடையில் சக்கையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்து திறந்தால் பச்சையாக முடி முளைத்திருக்கும். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.

கடையில் வாங்கும்போது பில் போடுவதற்கு முன், டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், போனில் நேரம் பாருங்கள். எட்டு நிமிடத்துக்குள் முழுவதும் இறங்க வேண்டும், டேங்கிலேயே ஆவி கிளம்பிக் கொந்தளிக்கக் கூடாது, அடியில் கசிவு இருக்கக் கூடாது. பிளக் மூன்று பின்னா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓட்டிக் கொட்டுங்கள், புது பிளாஸ்டிக் வாடை போன பிறகு தூளைப் போடலாம்.