சொல் விளக்கம்: விஜிஏ

“மாமா, ஒரு விஜிஏ போட்டால் கேம் எல்லாம் ஓடும்” என்று அக்காவின் மகன் ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தான். திரைக்கான படத்தை வரைவதற்குக் கம்ப்யூட்டருக்குள் பூட்டும் கார்டைத்தான் எங்கள் பக்கத்தில் விஜிஏ என்போம். அவனிடம் இருப்பது யாரோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்த கம்ப்யூட்டர். கையிலிருந்த காசும் கொஞ்சம்தான். சரி என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனோம். கடைக்காரக் காக்கா கேட்ட முதல் கேள்வி, “எத்தனை ஜிபி விஜிஏ தம்பி?”

ஜிபி என்று அவர் கேட்டது கார்டின் நினைவக அளவை. 4 ஜிபியில் ஒன்றை, பாவித்ததுதான், வாங்கிவந்து பூட்டினோம். மொனிட்டரின் நீலத்தலை வயரைச் செருகப் போனால் கார்டின் பின்பக்கம் அதற்கு இடமே இல்லை. அந்த நீல வயரின் பெயரும் விஜிஏ. விஜிஏ வாங்கியிருக்கிறோம், அதில் விஜிஏ இல்லை!

அன்று இரவு கேம் ஓடவில்லை. நான் இந்தச் சொல்லைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

வீடியோ கிராபிக்ஸ் அரே என்பதன் முதலெழுத்துகள்தான் விஜிஏ. ஐபிஎம் நிறுவனம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த காட்சி முறை அது. திரையில் 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள், 256 கிலோபைட் நினைவகம். புள்ளிகளை 320க்கு 200 ஆகக் குறைத்துக்கொண்டால் 256 நிறங்கள் கிடைக்கும். அதற்கு முன் வந்த சிஜிஏ (1981), இஜிஏ (1984) இரண்டிலும் கடைசி ‘ஏ’ அடாப்டரைக் குறித்தது. அவை தனியாகச் செருகும் கார்டுகள். விஜிஏவில் மட்டும் அது ‘அரே’ ஆயிற்று. காரணம், அந்த வேலையை ஒரே சில்லுக்குள் (சிப்) அடக்கிக் கணினியின் தாய்ப்பலகையிலேயே (மதர்போர்ட்) பொருத்திவிட்டார்கள். ஆக, இன்று நாம் கார்டுக்குச் சொல்லும் பெயர், முதலில் கார்டாகவே இல்லாத ஒன்றின் பெயர்.

மறுகா மற்ற நிறுவனங்களும் அதே முறைக்குப் பொருந்தும் கார்டுகளைச் செய்து ‘விஜிஏ கார்ட்’ என்று விற்றன. நம் வாயில் ‘கார்ட்’ உதிர்ந்து விஜிஏ மட்டும் தங்கிவிட்டது. அதன் 15 ஊசித் துளையும் பல வருடம் பெரும்பாலான கார்டுகளில் இருந்ததால் யாருக்கும் குழப்பம் வரவில்லை. 2016இல் என்விடியா நிறுவனம் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள், அந்தத் துளை வழியாகப் போகும் பழைய அனலொக் சமிக்ஞையைக் கைவிட்டன. எங்களுடையது 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650. கார்டில் இருந்த புதுவகை எச்டிஎம்ஐ துளையை விஜிஏவாக மாற்றும் ஒரு சின்னக் கருவிக்காக அடுத்த கிழமை திரும்பவும் கல்முனை பஸ்.

நீலத் துளையோடு புதுக் கார்ட் கிடைக்காதா என்றால் கிடைக்கும். 2014இல் வந்த ஜிடி 730இல் பெரும்பாலும் இருக்கும். ஆனால் கேம் ஆட நினைப்பவன் வாங்கக் கூடாத கார்ட் என்றால் என் கணக்கில் அதுதான். அதிலும் 4 ஜிபி உண்டு, ஆனால் டிடிஆர்3 என்ற மெதுவான நினைவக வகை. நினைவகம் செக்கனுக்கு 30 ஜிகாபைட்டைக்கூட எட்டாது. எங்கள் 1650இலும் அதே 4 ஜிபிதான், செக்கனுக்கு 128 ஜிகாபைட். இரண்டு பானையிலும் ஒரே அளவு தண்ணீர், ஒன்றின் வாய் மட்டும் போத்தல் வாய். “எத்தனை ஜிபி?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் “என்ன மொடல் இலக்கம்?” என்று நாம் கேட்க வேண்டும்.

கிராபிக்ஸ் என்பதன் வேர், கீறுதல், எழுதுதல், வரைதல் எல்லாவற்றையும் குறித்த ‘கிராஃபெயின்’ என்ற கிரேக்க வினை. எழுத்தும் படமும் அவர்களுக்கு ஒரே வினை. நமக்கும் அப்படித்தானே! கண்ணுக்கு மை எழுதுகிறோம். பழந்தமிழில் ஓவியமும் எழுதினார்கள், மார்பில் தொய்யில் என்ற கோலமும் எழுதினார்கள். ‘வரை’யும் அப்படியே: கோடும் வரையலாம், கடிதமும் வரையலாம். சங்கத் தமிழில் பெண்ணை மணப்பதும் வரைதல்தான், அது வேறு கதை. ஆகவே கிராபிக்ஸுக்கு ‘வரைகலை’ என்று வைத்தது சும்மா ஒட்டவைத்த பெயரல்ல, வேரோடு பொருந்துகிறது. சிலர் ‘வரைவியல்’ என்பார்கள், அதிலும் பிழையில்லை. ‘காணொளி அட்டை’ என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். காணொளி என்பது ஏற்கெனவே எடுத்து வைத்த படம். இந்தக் கார்டோ ஒவ்வொரு காட்சியையும் அந்தந்தக் கணத்தில் வரைகிறது.

கார்டின் மூலமும் கிரேக்கம்தான்: பாப்பிரசுத் தாளைக் குறித்த ‘ஹார்ட்டேஸ்’. நாம் தாளுக்குச் சொல்லும் ‘கடதாசி’ போர்த்துக்கீசம் வழியாக வந்தது என்பார்கள், அரபியின் ‘கிர்தாஸ்’ வழியாக என்பாரும் உண்டு. எந்த வழியாக வந்தாலும் இரண்டும் போய்ச் சேர்வது அதே ஹார்ட்டேஸில்தான், ஆகக் கார்டும் கடதாசியும் சொந்தக்காரர்கள். தமிழில் ‘அட்டை’ என்றுவிட்டோம். வட்டைக்குள் இறங்கினால் காலில் ஏறுவதும் அட்டைதான். மருமகனிடம் இதைச் சொன்னபோது, “அது இரத்தம் குடிக்கும், இது கரண்ட் குடிக்கும்” என்றான்.

அவன் பகிடியாகச் சொன்னாலும், குறைந்த காசில் வாங்குபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தாய்ப்பலகையின் துளை வழியாக ஓர் அட்டைக்குக் கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். ஜிடிஎக்ஸ் 1650 சரியாக அந்த எல்லையில் நிற்கும் (சில தயாரிப்புகளுக்குத் தனி வயரும் வேண்டும், பார்த்து வாங்குங்கள்). 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகைக்கு 70 வாட் போதும். ஆர்எக்ஸ் 6600 இவற்றை விட வலிமையானது, 8 ஜிபி, ஆனால் 132 வாட் கேட்கும். பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். கழித்துவிட்ட அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் அந்த வயர் இருக்காது. ஒல்லிப் பெட்டி என்றால் உயரம் குறைந்த அட்டைதான் உள்ளே போகும்.

ஜிபியூ (கிராபிக்ஸ் பிராசசிங் யூனிட்) என்ற சொல்லையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது அட்டையின் நடுவில் இருக்கும் சில்லு மட்டும். 1999இல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256ஐ உலகின் முதல் ஜிபியூ என்று விளம்பரம் செய்து அந்தப் பெயரைப் பரப்பியது. ஆனால் 1994இலேயே சோனி தன் பிளேஸ்டேஷனின் படச் சில்லை அப்படி அழைத்திருந்தது. நம் பாடப்புத்தகங்கள் பிராசசரை முறைவழியாக்கி என்று பழக்கியிருப்பதால் ‘வரைகலை முறைவழியாக்கி’ எனலாம். கடையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் காக்கா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.

எழுதும்போது நான் வரைகலை அட்டை என்றே எழுதுகிறேன். கல்முனையிலோ காத்தான்குடியிலோ கடைக்குள் நுழைந்தால் விஜிஏ என்றுதான் கேட்பேன், இலக்கத்தையும் சேர்த்து. பெட்டியைக் கையில் தந்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன துளை இருக்கிறது என்று பார்ப்பேன்.