டக்ட் ஏன் வேர்க்குது?

ஃபால்ஸ் சீலிங்ல பழுப்பா வட்டம் வட்டமா கறை விழுந்து சொட்ட ஆரம்பிச்சா மாடில பைப் லீக்குன்னு பிளம்பரைத்தான் முதல்ல கூப்பிடறோம், ஆனா நிறைய இடத்துல பைப் மேல தப்பே இருக்காது, சொட்டுறது ஏசி டக்ட்டோட (குளிர்ந்த காத்தைக் கொண்டு போற தகட்டுக் குழாய்) வெளிப்பக்கம் சேர்ந்த தண்ணி, அது முழுக்க காத்துலேர்ந்து வந்தது. ஐஸ் போட்ட ரோஸ்மில்க் டம்ளர் வெளிய வேர்க்குமே, அதேதான்.

காத்துல இருக்கிற நீராவி எந்த டிகிரிக்குக் குளிர்ந்தா தண்ணியா மாறுமோ அதுக்குப் பேரு பனிநிலை. சென்னைல 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா பனிநிலை கிட்டத்தட்ட 27. டக்ட்டுக்குள்ள போற காத்தோ 13, 14 டிகிரிதான், அப்ப அந்த தகடு வெளிக்காத்துல பட்ட உடனே நனையும். ராஜஸ்தான்ல மே மாசம் 40 டிகிரி அடிக்கும், ஆனா ஈரப்பதம் 20 சதவீதம்னா பனிநிலை 13 கிட்டதான் வரும், அங்க இதே டக்ட் பெருசா வேர்க்காது. அதனால வெயிலை விட ஈரத்தைத்தான் பாக்கணும்.

சரி, ரூம் உள்ள ஏசி ஓடி காத்து காய்ஞ்சுதானே இருக்குன்னு கேக்கலாம். ரூம்ல 24 டிகிரி, 50 சதவீதம்னா பனிநிலை 13தான், உண்மை. ஆனா டக்ட் ரூம்ல இல்ல, சீலிங்குக்கு மேல இருக்கு, அங்க ஏசி காத்து போறதில்ல, சுவர் இடுக்கு வழியா வெளிக்காத்துதான் வந்து நிக்குது.

டக்ட் மேல கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) மாதிரி இன்சுலேஷன் சுத்துறது இதுக்காகத்தான். கனமா போட்டா போதும்னு நினைக்கிறாங்க, எனக்கு அதை விட முக்கியமா தோணுறது மேல இருக்கிற அலுமினியம் ஃபாயில். கிளாஸ் வுல் வெப்பத்தைத் தடுக்கிறதே இழைகளுக்கு நடுவுல அசையாம நிக்கிற காத்தாலதான். ஃபாயில் ஒரு இடத்துல கிழிஞ்சாலும் நீராவி உள்ள போய் குளிர்ந்த தகட்டுல தண்ணியாகி வுல் ஊறிடும், தண்ணி காத்தை விட 20 மடங்குக்கும் மேல வெப்பத்தைக் கடத்தும், அப்புறம் அது இன்சுலேஷனே இல்ல, ஈரத்துணி. டக்ட்டைத் தாங்குற ஆங்கிள் மேல வுல் நசுங்குற இடமும் ஜாயிண்ட்டும்தான் முதல்ல சொட்டும், டார்ச் எடுத்துட்டு அங்கதான் பாக்கணும். வுல்லுக்குப் பதிலா சுத்துற நைட்ரைல் ரப்பர் சீட்டுக்குள்ள குட்டிக் குட்டியா மூடின காத்தறைகளா இருக்கிறதால ஈரம் சுலபமா ஏறாது, ஆனா ஜாயிண்ட்ல பசை விட்டுப்போனா அதுவும் வீண்.

ஃபில்டர் அடைச்சாலும் காத்து குறைஞ்சு, காத்தைக் குளிர வைக்கிற காயில் இன்னும் குளிர்ந்து டக்ட்டும் கூடுதலா ஜில்லுனு ஆகும். ஹோட்டல்ல கிச்சன் எக்ஸாஸ்ட் இழுக்கிற அளவுக்கு வெளிக்காத்து விட தனியா வழி இல்லன்னா கதவிடுக்கு, சீலிங் ஓட்டைன்னு கிடைச்ச வழியெல்லாம் ஈரக்காத்து உள்ள வரும், அங்க எத்தனை தடவை டேப் ஒட்டினாலும் திரும்ப சொட்டும்.

ஊறின வுல் மேலயே புது ஃபாயில் சுத்திட்டுப் போறதைத் தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, ஈரம் உள்ளயே சிக்கி பூஞ்சை பிடிச்சு தகடும் துருப்பிடிக்கும். நனைஞ்ச பாகத்தை வெட்டி எடுத்து, ஏசியை நிறுத்தி தகட்டை நல்லா துடைச்சு காயவிட்டு, அப்புறம்தான் புதுசு சுத்தணும்.