பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து மீன் தொட்டியில் ஏழு கோல்டு ஃபிஷ் இருந்தன. 60 லிட்டர் தொட்டிக்கு ஏழு என்பதே அதிகம். அது அப்போது தெரியாது. கரண்ட் போனது போனதுதான், நாள் கணக்கில் வரவில்லை. மூன்றாம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொழுது சாய்வதற்குள் நான்கு செத்தன. ஒருவழியாகக் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் ஃபில்டரைப் போட்டேன். அதிலிருந்து கறுப்பாக, முட்டை அழுகிய வாடையோடு நீர் பாய்ந்தது. மீதி மூன்றும் அன்றிரவே போய்விட்டன.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்தபோதுதான், தொட்டிக்குள் நான் பார்க்காத உயிர்கள் இருப்பது தெரிந்தது.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது மீனுக்கு விஷம். நீரின் காரத்தன்மை ஏற ஏற விஷமும் ஏறும்: பிஎச் 7-இலிருந்து 8 ஆனால், அம்மோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். வெயில் காலத்தில் நீர் சூடாவதும் இதே வேலையைச் செய்யும்.

இந்த விஷத்தை முறிப்பவை ஃபில்டர் பஞ்சின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் ஆபத்துதான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரோஸ்பிரா என்ற இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இவை சோம்பலாகப் பெருகும் உயிர்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலி நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாளுக்கு மேல் வேண்டும். அதனால்தான் புதுத் தொட்டி நிலைப்பட 4 முதல் 6 வாரம் ஆகிறது.

இரண்டு கூட்டத்துக்கும் ஆக்சிஜன் இல்லாமல் ஆகாது. ஃபில்டர் நின்றதும் பஞ்சுக்குள் நீரோட்டம் நின்று, அவை மூச்சுமுட்டிச் செத்து அழுகின. அந்த அழுகலைத்தான் என் கையாலேயே தொட்டிக்குள் விட்டேன்.

சரி, புயல் எப்போதோ ஒருமுறை வருவது. மாதாமாதம் நாம் செய்யும் தவறு வேறு. பஞ்சைக் குழாயடியில் வைத்து, வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிகிறோம். குழாய்த் தண்ணீரின் குளோரின் கிருமியைக் கொல்லத்தானே போடப்படுகிறது? அது இந்த பாக்டீரியாவையும் விடாது. அப்புறம் தண்ணீர் கலங்கும், மீன் சோர்ந்துபோகும், கடையில் மருந்து வாங்கி ஊற்றுவோம், மொத்தத் தண்ணீரையும் கொட்டி மாற்றுவோம். தண்ணீரும் வீண், மருந்தும் சாக்கடைக்கு.

இப்போது வாரத்துக்கு 15 லிட்டர் மட்டும் மாற்றுகிறேன். எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். பழுப்பாக ஒரு வண்டல் இறங்கும். பஞ்சு பார்க்க அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும். புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

வாளியில் மிஞ்சிய பழுப்புத் தண்ணீரில் இருப்பது நைட்ரேட், அதாவது செடிக்கு உரம். ஆண்டுக்கு 780 லிட்டர் எங்கள் கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் போகிறது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மீனுக்கு நோய் என்று கல் உப்போ மருந்தோ போட்டிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாசி தின்னும் என்று 'டேங்க் கிளீனர்' மீனை வாங்குகிறோம். விரல் நீளத்தில் வருவது முழங்கை நீளத்துக்கு வளரும். வளர்ந்ததும் கெடிலத்திலோ பெருமாள் ஏரியிலோ விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். அது தென் அமெரிக்க மீன். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். கரையைத் துளைத்து வளை தோண்டி முட்டையிடும். அதன் முள் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவிவிட்டது. வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எங்கள் தொட்டியில் மூன்று மீன்கள். கரண்ட் போனதும் தீனியை நிறுத்தினேன்; கோல்டு ஃபிஷ் சில நாள் பட்டினி தாங்கும். பஞ்சை ஃபில்டர் டப்பாவிலிருந்து உருவி, தொட்டியின் மேல்மட்டத்திலேயே மிதக்கவிட்டேன். பேட்டரி மோட்டார் ஒன்று குமிழி விட்டது. அது ஓய்ந்தபோது, என் மகளும் நானும் முறைவைத்து, மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். கரண்ட் வந்ததும் முதலில் டப்பாவில் தேங்கியிருந்த நீரைக் கொட்டினேன். பிறகே ஸ்விட்சைப் போட்டேன். மூன்றும் இருக்கின்றன.