றைவ் சாப்ற்: உந்துதண்டா, செலுத்துதண்டா, அச்சா?

வன்னியில் பழைய வாகனம் திருத்தும் எந்தக் கராச்சுக்குப் போனாலும், கியர்பொக்ஸிலிருந்து பின்பக்கம் நோக்கிக் காரின் வயிற்றுக்கடியில் நீளமாக ஓடும் இரும்புக் குழாயைப் ‘புறொப்பெலர்’ என்றே சொல்வார்கள். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துத் தொழில் பழகிய இளைஞர்கள் அதையே ‘றைவ் சாப்ற்’ என்பார்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலை, இலண்டனிலிருந்து கப்பற்கூலியோடு வந்து சேர்ந்த, எங்களுக்கு அப்போது வேண்டாத ஓர் உதிரிப்பாகம்.

மச்சான் கொழும்பில் வாங்கிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த கார் 1969ஆம் ஆண்டின் ட்ரையம்ப் ஸ்பிற்பயர்; இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரை திறக்கும் விளையாட்டுக் கார். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி வேகம் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் பிடிக்கும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வந்து கிளச்சை விடும்போது, அடியில் யாரோ சுத்தியலால் தட்டியதுபோல ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பரந்தனில் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணை காரைத் தூக்கி, ஜக்கை மட்டும் நம்பாமல் நான்கு பக்கமும் தாங்கிகளில் நிறுத்தி, புறொப்பெலரைக் கையால் பிடித்து இரு பக்கமும் முறுக்கிக் காட்டினார். அதன் முனையை வளைந்துகொடுக்க விடும் மூட்டின் கிண்ணங்களைச் சுற்றிச் செங்கல்தூள் போன்ற துரு கசிந்திருந்தது. குழாயும் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. முழுத் தண்டையே மாற்றுவது என்று முடிவாயிற்று. இலண்டனில் இருக்கும் உறவினருக்கு ‘ஸ்பிற்பயர் றைவ் சாப்ற் ஒன்று’ என்று எழுதியவன் நான்தான்.

வந்த பொதியைப் பிரித்தபோது அதில் நாங்கள் எதிர்பார்த்த குழாய் இருக்கவில்லை. கையளவு தடிப்பில்லாத, கட்டையான, உள்ளே வெற்றிடமில்லாத ஓர் உருக்குக் கோல் இருந்தது. அதன் ஒரு முனையில் மட்டுமே மூட்டு இருந்தது. மறுமுனை கூம்பிச் சென்று நுனியில் மரை வெட்டப்பட்டிருந்தது. அண்ணை அதைக் கையில் வாங்கிய உடனேயே, “தம்பி, இது புறொப்பெலர் இல்லை. இது சில்லுக்குப் போறது” என்றார்.

பிழை விற்றவரிடம் இல்லை. பிரித்தானிய ஆங்கிலத்தில் றைவ் சாப்ற் என்பது பெரும்பாலும், பின்சில்லுகளுக்கு நடுவே இருந்து சுழற்சியை இரு பக்கமும் பிரித்தனுப்பும் டிப்பரென்சியலிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டைக் குறிக்கும். கியர்பொக்ஸுக்கும் டிப்பரென்சியலுக்கும் இடையே ஓடுவது அவர்களுக்குப் புறொப்பெலர் சாப்ற். அமெரிக்கர்களோ அந்த நீண்ட குழாயைத்தான் றைவ் சாப்ற் என்கிறார்கள். நான் அமெரிக்கச் சொல்லை எழுதி ஆங்கிலேயரிடம் பொருள் கேட்டேன். வன்னிக் கராச்சுகளில் மொரிஸ் மைனரோடும் ஒஸ்டின் கேம்பிறிட்ஜோடும் வந்து தங்கிவிட்ட பழைய பிரித்தானிய வழக்கே அன்று சரியாக இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்கள் போய்விட்டாலும் அவற்றின் பாகப்பெயர்கள் போகவில்லை.

இனி, புறொப்பெலர் என்ற பெயர் காருக்கு எப்படி வந்தது என்று பார்க்கலாம். இலத்தீனில் ‘புரோ’ என்றால் முன்னோக்கி, ‘பெல்லெரே’ என்றால் தள்ளுதல்; முன்னோக்கித் தள்ளுவது எதுவோ அது புறொப்பெலர். 1836இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித்தும் ஜோன் எரிக்சனும் கப்பலை உந்தும் திருகு விசிறிக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். கப்பலின் நடுவில் இருக்கும் இயந்திரத்துக்கும் பின்முனையில் நீருக்குள் சுழலும் அந்த விசிறிக்கும் இடையில் ஒரு நீண்ட தண்டு தேவைப்பட்டது. விசிறியின் பெயரே அதைச் சுழற்றும் தண்டுக்கும் ஆகிவந்தது. பிற்காலத்தில் இயந்திரத்தை முன்னாலும் உந்தும் சில்லுகளைப் பின்னாலும் வைத்துக் கார் செய்தபோது, அங்கும் முன்னிருந்து பின்னுக்கு ஒரு நீண்ட தண்டு ஓடிற்று. விசிறி இல்லாத இடத்துக்கு விசிறித்தண்டின் பெயர் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சாப்ற் என்பதன் பழைய ஆங்கில வடிவம் ஈட்டியின் காம்பையும் கோலையும் குறித்தது. தமிழில் இதற்கு நேராக நிற்கும் சொல் தண்டு. தாமரைத் தண்டு, விளக்குத் தண்டு, பல்லக்குத் தண்டு என நீண்டு உருண்டிருப்பவற்றுக்கெல்லாம் அது வழங்குகிறது. படகின் துடுப்புக்கும் தண்டு என்ற பெயர் உண்டு. ‘தண்டு வலித்தல்’ என்றால் துடுப்புப் போடுதல். நீரில் கலத்தை உந்துவது என்ற பொருள் ஆங்கிலத்தில் புறொப்பெலரோடு ஒட்டியிருக்க, தமிழிலோ அது தண்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

சிலர் இந்த உறுப்பை ‘இயக்க அச்சு’ என்று எழுதுகிறார்கள். இது பொருந்தாது. அச்சு, வடமொழி ‘அக்ஷ’ என்பதிலிருந்து வந்தது. இலத்தீனின் ‘அக்சிஸ்’, ஆங்கிலத்தின் ‘அக்சில்’ ஆகியவை அதற்கு உறவு. சங்க காலத்திலேயே அது வண்டியின் பாரம் தாங்கும் உறுப்பாக நன்கு பழகிவிட்டது. உப்பு வணிகரான உமணர், மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் உதவும் என்று வண்டியின் அடிமரத்தில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாகச் சொல்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் ‘அச்சிறும்’ என்பது 475ஆம் குறள். இரண்டு இடத்திலும் அச்சின் தொழில் சுமப்பது. ஆனையிறவு உப்பை மாட்டுவண்டியில் ஏற்றியவருக்கும் அச்சு என்றால் அதுதான். புறொப்பெலரோ எதையும் சுமப்பதில்லை. முறுக்கு விசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. சுமப்பது அச்சு, முறுக்கைக் கடத்துவது தண்டு என்ற வேறுபாட்டைத் தமிழ் கைவிடக்கூடாது. அச்சாணியையும் இங்கே இழுக்க வேண்டாம். அது சில்லு கழன்று போகாமல் அச்சின் நுனியில் செருகும் ஆணி.

ஸ்பிற்பயரின் பக்கத்துக் கோல் மட்டும் இந்த வகுப்புக்குள் அடங்காமல் நிற்கிறது. அந்தக் காரில் டிப்பரென்சியல் சட்டகத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். குழியில் விழுந்தெழும்போது சில்லும் அதைப் பிடித்திருக்கும் கோலும் உட்பக்க மூட்டைச் சுற்றி மேலும் கீழும் ஊசலாடும். ஆகவே அந்தக் கோல் முறுக்கையும் கடத்துகிறது, சில்லின் வழியே வரும் பாரத்தையும் வாங்குகிறது. அச்சும் அதுவே, தண்டும் அதுவே.

மூட்டைப் பற்றிச் சொல்லாமல் தண்டைப் பற்றிச் சொல்ல முடியாது, ஏனெனில் பழுது பெரும்பாலும் மூட்டில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ‘யுனிவர்சல் ஜொயின்ற்’. கராச்சில் ‘யூ ஜொயின்ற்’, அதன் உள்ளே இருக்கும் நான்கு கைப் பாகம் ‘குறொஸ்’. ஐரோப்பாவில் இதே மூட்டு 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் ‘கார்டன்’ எனப்படுகிறது. ஆங்கிலேயர் இதை ஆராய்ந்து எழுதிய றொபேட் ஹூக்கின் பெயரால் ‘ஹூக் மூட்டு’ என்றும் சொல்வர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் கார்களுக்கென இதைச் செய்து விற்கத் தொடங்கினார். பழைய பிரித்தானியக் கார்க்காரர் வாயில் ‘ஹார்டி ஸ்பைசர்’ என்ற பெயர் இன்றும் புழங்குவது அந்த வழியில்தான். தமிழில் ‘உலகளாவிய மூட்டு’ என்று பெயர்த்தால் அது ஏதோ ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புப்போல ஒலிக்கிறது. இங்கே யுனிவர்சல் என்பதற்கு எப்பக்கமும் வளைந்துகொடுப்பது என்பதே பொருள். கராச்சு ஏற்கெனவே குறொஸ் என்று வடிவத்தைக் கண்டு பெயரிட்டுவிட்டதால், நான் சிலுவை மூட்டு என்றே எழுதுகிறேன். சிலுவை சிரிய மொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் தமிழர் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. தண்டு வளைந்த கோணத்தில் ஓடும்போது, உட்செல்லும் வேகம் சீராக இருந்தாலும் வெளிவரும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். 10 பாகைக் கோணத்தில், நிமிடத்துக்கு 3000 சுற்றாக உள்ளே போவது, வெளியே ஏறத்தாழ 2954க்கும் 3046க்கும் இடையில் அலையும். மறுமுனையிலும் ஒரு மூட்டை வைத்து, இரண்டு கோணங்களும் சமமாக, சிலுவைகளைப் பிடிக்கும் தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கும்படி பூட்டினால், முதல் மூட்டின் அலைவை இரண்டாவது விழுங்கிவிடும். பின் அச்சு ஏறி இறங்கும் வண்டிகளில் தண்டின் நீளம் மாறவேண்டி, அதில் பற்கள் வெட்டிய ஒரு வழுக்கு இணைப்பு இருக்கும். அதைக் குறியிடாமல் கழற்றி, ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், பாகமெல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி நடுங்கும். உழவு இயந்திரத்திலிருந்து சூடடிக்கும் இயந்திரத்துக்குப் போகும் பி.ரி.ஓ. தண்டும் இதே வகைதான். வயலில் அது ‘கடகட’ என்று கத்துவதைக் கேட்ட எவருக்கும் இந்தச் சத்தம் புதிதல்ல.

அண்ணை அந்தக் குறியைச் சோக்கட்டியால் போடுவதில்லை. குத்துளியால் இரு பக்கத்திலும் ஒவ்வொரு புள்ளி குத்திவிட்டுத்தான் போல்ட்டில் சாவியை வைப்பார். பிறகு கிண்ணங்களை வெளியேறாமல் பிடித்திருக்கும் சேர்க்கிளிப்பு வளையங்களைக் கழற்றி, கவையை மெதுவாகத் தட்டி, கிண்ணத்தை வெளியே எடுத்தார். உள்ளே மயிர்க்கற்றைபோல் அடுக்கியிருந்த ஊசி உருளைகள் கிறீஸ் இல்லாமல் பழுப்பேறியிருந்தன. சிலுவையின் கையைத் துடைத்து என் நகத்தை அதன்மேல் ஓட்டச் சொன்னார். ஊசிகள் பதிந்த பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் நகம் தடக்கிற்று. அந்தப் பள்ளம் விழுந்த பின் கிறீஸ் அடிப்பதால் பயனில்லை. புதுச் சிலுவையைப் பூட்டும்போது ஓர் ஊசி சாய்ந்து கிண்ணத்தின் அடியில் படுத்துவிட்டால் கிண்ணம் முழுதாக இறங்காது. அப்போது சுத்தியலை ஓங்குபவர் கவையை வளைத்துவிடுவார்.

சத்தத்தைக் கொண்டே எந்தத் தண்டு என்று ஓரளவு சொல்லலாம். ஸ்பிற்பயரில் மேல் கியரில் புறொப்பெலர் இயந்திரத்தின் வேகத்திலேயே சுழலும். டிப்பரென்சியல் அதை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைத்துத்தான் சில்லுக்கு அனுப்புகிறது. எனவே புறொப்பெலரின் நடுக்கம் நுண்ணிய இரைச்சலாக வரும். பக்கத்துத் தண்டின் பழுது மெதுவான அடியாக, சில்லின் தாளத்தில் வரும். வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கு கூடுவதால், ஒவ்வொரு பக்கத்துத் தண்டும் புறொப்பெலரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு முறுக்கைத் தாங்குகிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். புறொப்பெலர் சாப்ற் என்பதன் நேர்ப் பெயர்ப்பு உந்துதண்டு. முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரத்துக்கு அது பொருந்தும். காரில் அந்தத் தண்டு எதையும் உந்துவதில்லை. றைவ் என்பதற்கு ‘இயக்கு’ என்று போடலாம் என்பார்கள். வன்னியில் ‘இயக்கம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் காரை விட்டு வேறெங்கோ போய்விடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. வாகனம் செலுத்துதல் என்று நாம் அன்றாடம் எழுதுவதால், செலுத்துதண்டு என்பதைப் பொதுப்பெயராகக் கொள்ளலாம். இது வினைத்தொகை, குடிதண்ணீர் என்று எழுதுவதுபோல இடையில் ஒற்று மிகாது. ‘செலுத்துத் தண்டு’ என்று எழுதுவது பிழை.

ஆனால் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் நான் பட்ட பாட்டையே அடுத்தவரும் படுவார். ஆகவே கியர்பொக்ஸிலிருந்து டிப்பரென்சியலுக்குப் போவதை நடுத்தண்டு என்றும், டிப்பரென்சியலிலிருந்து சில்லுக்குப் போவதைப் பக்கத்தண்டு என்றும் இடத்தால் பிரித்துச் சொல்வதே தெளிவு. பக்கத்தண்டுக்கு ‘அரைத்தண்டு’ என்ற பெயர்ப்பும் உண்டு. ஆங்கிலத்தில் பாதித் தண்டு என்பதால் நாமும் பாதி என்கிறோம், எதன் பாதி என்று கேட்டால் விடை சொல்லத்தான் நேரமாகும்.

இரண்டாம் முறை எழுதியபோது பெயரோடு நிற்காமல், இரு விளிம்புகளுக்கும் இடையிலான நீளத்தை அளந்து, ‘கியர்பொக்ஸிலிருந்து டிப்பரென்சியல் வரை, இரு முனையிலும் மூட்டு’ என்று சேர்த்து எழுதினேன், சரியானது வந்தது. தவறி வந்த பக்கத்தண்டு அண்ணையின் கராச்சுச் சுவரில் எண்ணெய்த் துணி சுற்றித் தொங்குகிறது. இடப்பக்கத்து மூட்டு இப்போதே முனகத் தொடங்கிவிட்டதால், அதைக் கழற்றி இறக்கும் நாள் தூரத்தில் இல்லை என்கிறார் மச்சான்.